மூன்று மைத்துனர்களும் ஆறு தலைப்புகளும்

சேதுபதிக்கு மைத்துனர்கள் மூன்று பேர். கம்ப்யூட்டரில் தலைப்பு எழுத்து ஆறு அளவு. யாருக்கு எந்த அளவைக் கொடுப்பது என்பதில்தான் சிக்கல்.

காரைக்குடி செக்காலை ரோட்டில் மாடியில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் சென்டரின் மூலை நாற்காலியில், அவர் கால் மணி நேரமாகத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வயது ஐம்பத்திரண்டு. ஓர் அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தர். சுற்றிலும் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் படபடவென்று தட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் ஓர் எழுத்தைத் தேடிக் கண்டுபிடித்து அழுத்துவதற்குள் அவர்கள் ஒரு பக்கத்தை முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

"என்ன சார், அப்படியே உக்காந்துட்டீக?" என்று கேட்டாள் ரீனா. கம்ப்யூட்டரில் வெப் பேஜ் எழுதும் எச்.டி.எம்.எல். பாடத்தை சென்டரில் சொல்லிக்கொடுப்பவள். சேதுபதியின் மகளை விட ஒரு வயது சின்னவள்.

"ஒண்ணுமில்லம்மா."

"தலைப்புத்தானே சார்? எச்-1 பெருசு. அப்படியே குறைஞ்சு குறைஞ்சு எச்-6 பொடிசு. முக்கியமானதுக்குப் பெருசு வச்சுக்கங்க."

'முக்கியமானதற்குப் பெரிது' என்று நோட்டில் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டார் சேதுபதி. முப்பது வருடம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவருக்கு இது சுலபமாகப் புரிந்தது. மூத்த மைத்துனர் சோணைக்கு எச்-1. நடு மைத்துனர் முத்தழகுக்கு எச்-2. கடைசி மைத்துனர் பாண்டிமுருகனுக்கு எச்-3. சிக்கல் தீர்ந்தது என்று நினைத்தார்.

இத்தனைக்கும் காரணம் அவருடைய வாய்தான். மகள் அகல்யாவின் நிச்சயதார்த்தப் பந்தியில், பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை சத்தியமூர்த்தி, பாயசத்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னான்.

"எங்க ஆபீஸ்ல ஒருத்தன் அவன் கல்யாணப் பத்திரிகைய வெப் பேஜா போட்டான் மாமா. உலகத்துல எங்க இருந்து வேணும்னாலும் பாக்கலாம்."

வெப் பேஜ் என்றால் என்னவென்று பந்தியில் ஒருவருக்கும் தெரியாது. சேதுபதிக்கும் தெரியாது. ஆனால் மூன்று மைத்துனர்களும் வரிசையாக உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"அதுக்கென்ன மாப்பிள்ளை, நானே போட்டுர்றேன்" என்றார்.

போட்டுக் காட்டாவிட்டால் மருமகன் முன்னால் தலை நிமிர முடியாது. மறுநாளே போய் இரண்டு மாத வகுப்பில் சேர்ந்தார். சந்தேகம் கேட்கிற பழக்கம் மட்டும் அவருக்குக் கிடையாது. ஆபீஸில் சந்தேகம் கேட்பவர்கள் இளநிலை எழுத்தர்கள். தலைமை எழுத்தர் தலையை ஆட்டுவார். ரீனா எதைச் சொன்னாலும் அவர் தலையை ஆட்டினார். ஒரு பக்கத்துக்குத் தலை என்று ஒரு பகுதி, உடம்பு என்று ஒரு பகுதி இருக்கிறது என்றாள். கால் எங்கே என்று கேட்க நா துடித்தும் அடக்கிக்கொண்டார். ஒரு குறியைத் திறந்தால் வேலை முடிந்ததும் மூட வேண்டும் என்றாள். அது மட்டும் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. கோப்பைத் திறந்தவன் மூட வேண்டாமா?

தமிழ் எழுத்து எல்லாக் கம்ப்யூட்டரிலும் தெரியாது என்பதால் பெயர்களை இங்கிலீஷிலேயே அடித்தார். மேலே மணமக்கள், கீழே மாமன்மார், ஓரத்தில் ஒரு ரோஜாப் பூ. ரீனா காட்டியபடி சேமிப்பதற்கான பொத்தானை அமுக்கினார். திரையின் தலைப்பக்கத்தில் புள்ளியும் சாய்ந்த கோடுமாக ஒரு நீள வரி தெரிந்தது. அதுதான் விலாசம் என்று அவருக்கு யாரும் சொல்லாமலே விளங்கிவிட்டது. அதை நோட்டில் குண்டு குண்டாக எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, அந்த வரியை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"மாப்பிள்ளை? லைன்ல இருக்கீகளா?"

"இருக்கேன் மாமா. எழுதிக்கிட்டேன்."

ஒரு மணி நேரத்தில் அவனே கூப்பிட்டான். "பாத்தேன் மாமா. ரொம்ப அழகா வந்துருக்கு."

சேதுபதி போனை வைத்துவிட்டு, சட்டையைப் போட்டுக்கொண்டு, காரணமே இல்லாமல் கடைத்தெரு வரைக்கும் ஒரு நடை போய்விட்டு வந்தார். அவ்வளவு சந்தோஷம்.

அவர் மனைவி மலையம்மாள் சும்மா இருக்கவில்லை. அண்ணன் தம்பிகள் மூன்று பேருக்கும் போன் போட்டு விலாசத்தைச் சொன்னாள். யார் பேர் எந்த அளவில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொன்னாள். "போய்ப் பாருங்க, போய்ப் பாருங்க" என்று ஊரையே கூட்டினாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் சென்னையிலிருந்து பாண்டிமுருகன் பேசினான்.

"அக்கா, பாத்தேன். ஆபீஸ்ல எல்லாரும் சுத்தி நின்னு பாத்தாக. பெரியண்ணன் பேரு இம்மாம் பெருசு. எம் பேரை பூதக்கண்ணாடி வச்சுத் தேட வேண்டியிருக்கு. நான் கடைசியில பொறந்தது என் குத்தமாக்கா?"

"ஏங்க, அவன் அழுகிறான்ங்க" என்று மலையம்மாள் ரிசீவரைப் பொத்திக்கொண்டு சொன்னாள்.

"எச்-6 வரைக்கும் இருக்கு. நான் எச்-3 குடுத்துருக்கேன். அதைச் சொல்லு அவன்கிட்ட."

மலையம்மாள் அதைச் சொல்லவில்லை. கணவனை ஒரு பார்வை பார்த்தாள்.

மறுநாள் சேதுபதி மூன்று பெயரையும் ஒரே அளவாக்கினார். ஆனால் மூத்தவர் மூத்தவர்தானே? அன்றைக்குத்தான் பட்டியல் போடும் பாடம் நடந்தது. ஒரு குறியைப் போட்டால் கம்ப்யூட்டரே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் கொடுத்துவிடுகிறது. அளவும் சமம், மரியாதையும் குறையாது. சேதுபதி தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டார். மலையம்மாள் அன்று மாலையே மூன்று ஊருக்கும் செய்தி சொல்லிவிட்டாள்.

புதன்கிழமை கோலாலம்பூரிலிருந்து முத்தழகு.

"மச்சான், இப்பத்தான் பாத்தேன். எனக்கு ரெண்டாம் நம்பர் போட்டுருக்கீக."

"வயசு வரிசை முத்தழகு."

"வயசுன்னா பொறந்த தேதியைப் போடுங்க. நம்பர் எதுக்கு? இங்க நான் ஒரு கடைக்கு முதலாளி. என்கிட்ட எட்டுப் பேரு வேலை பாக்குறாக. எனக்கு ஜெயில்ல போடுற மாதிரி நம்பரா? எம் பொஞ்சாதி பாத்துட்டுத் தலையில அடிச்சுக்கிட்டு உள்ள போயிட்டா."

சேதுபதி நம்பரை எடுத்தார். நம்பருக்குப் பதில் கரும்புள்ளி வைக்கும் பட்டியல் ஒன்று உண்டு. ஆளுக்கொரு பட்டியல் திறந்து ஆளுக்கொரு புள்ளி வைத்தார். அவசரத்தில் திறந்ததை மூட மறந்துபோனார். வாழ்நாளில் ஒரு கோப்பைக் கூடத் திறந்து போடாத மனிதர்! சோணை இடது ஓரத்தில் நின்றார். முத்தழகு கொஞ்சம் வலது பக்கம் தள்ளி நின்றார். பாண்டிமுருகன் இன்னும் தள்ளிப் போய் ரோஜாப் பூவுக்குப் பக்கத்தில் நின்றான்.

அன்றைக்குப் பார்த்துத்தான் மலையம்மாள் சென்டருக்கு நேரில் வந்தாள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, திரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சின்னவன் ஏன் அங்குட்டுப் போயி ஒண்டிக்கிட்டு நிக்கிறான்?"

"அது வந்து..."

"அதை விடுங்க. மஞ்ச எங்க?"

"என்ன மஞ்ச?"

"நாலு மூலையிலயும் மஞ்ச தடவாம ஒரு கல்யாணப் பத்திரிகையா? கருமாதிப் பத்திரிகைதான் மஞ்ச இல்லாம வரும். இதையா உலகம் பூராம் பாத்துக்கிட்டு இருக்கு?"

சேதுபதி பதில் யோசிப்பதற்குள் அவள் இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். தயாராகக் குழைத்தே கொண்டுவந்திருந்தாள். கம்ப்யூட்டர் திரையின் நான்கு மூலைகளிலும் மோதிர விரலால் பதமாகத் தடவினாள்.

"அக்கா! அக்கா! என்ன பண்ணுறீக?" என்று ரீனா துணியோடு ஓடிவந்தாள்.

"துடைச்சா துடைச்சுக்கம்மா. தடவுனது தடவுனதுதான்" என்று சொல்லிவிட்டு, மலையம்மாள் கண்ணை மூடி ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கிப் போனாள். பின்னால் இருந்த பிள்ளைகள் எழுந்து நின்று அவள் போவதையே பார்த்தார்கள்.

ரீனா திரையைத் துடைத்தாள். ரோஜாப் பூ கொஞ்ச நாளைக்கு மஞ்சள் பூவாகவே தெரிந்தது. துடைத்த கையோடு, "திறந்ததை மூடல சார், அதான் தள்ளித் தள்ளிப் போகுது" என்று மூன்று பெயரையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்திக்கொடுத்தாள். நான்கு மூலைக்கும் மஞ்சள் கட்டம் வைப்பது எப்படி என்பதையும் அவளே சொல்லிக்கொடுத்தாள். எல்லாம் சரியாகிவிட்டது. சோணை மேலே, முத்தழகு நடுவில், பாண்டிமுருகன் கீழே, அளவும் ஒன்று, புள்ளியும் ஒன்று, மஞ்சளும் இருக்கிறது. இனி எவன் என்ன சொல்ல முடியும்?

வெள்ளிக்கிழமை காலையில் சோணை பஸ் ஏறி நேரிலேயே வந்துவிட்டார். சிங்கம்புணரியில் நெல் வியாபாரம். பேசினால் தெருமுனை வரைக்கும் கேட்கும். அன்றைக்குப் பேசாமல் வந்து உட்கார்ந்தார். அதுவே பயமாக இருந்தது.

"காபி குடிங்க மச்சான்" என்றார் சேதுபதி.

"காபி கெடக்கட்டும். எம் மவன் மதுரையில காலேஜ் கம்ப்யூட்டர்ல பாத்துருக்கான். எம் பேரு கடைசியில கெடக்காம்."

"இல்லவே இல்ல மச்சான். உங்க பேருதான் முதல்ல." சேதுபதி நோட்டை எடுத்துவந்து காட்டினார். சிவப்பு மையில், அடிக்கோட்டோடு, சோணையின் பெயர் முதலில்தான் இருந்தது.

"நோட்டை எவன் மச்சான் பாக்குறான்? உலகம் பாக்குறதுல கடைசியில கெடக்கு. ஏன், பிள்ளை பொய்யா சொல்லுறான்?"

சேதுபதிக்குத் தலை சுற்றியது. அன்று மாலை, வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு சந்தேகம் கேட்டார். அதையும் நேராகக் கேட்கவில்லை.

"ஏம்மா, சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். ஒரு கம்ப்யூட்டர்ல தெரியிற மாதிரியே எல்லாக் கம்ப்யூட்டர்லயும் தெரியுமா?"

"சொல்ல முடியாது சார். ஒண்ணுல ஒரு மாதிரி தெரியும், இன்னொண்ணுல வேற மாதிரி தெரியும்."

அவ்வளவுதான். எல்லாம் விளங்கிவிட்டது. மதுரைக் கம்ப்யூட்டர் தலைகீழாகக் காட்டுகிறது. மலேசியாவில் வேறு மாதிரி. இப்படி இருந்தால் மேல் கீழ் என்று எதை வைத்தாலும் ஆபத்து. மேல் கீழே இல்லாமல் ஒரு வழி வேண்டும்.

வழி இருந்தது. கடைசி வாரப் பாடத்தில் ரீனா மார்க்கீ என்று ஒன்று காட்டினாள். எழுத்து தானாக வலப்பக்கம் புறப்பட்டு இடப்பக்கம் போய் மறைந்து, மறுபடியும் வலப்பக்கம் வரும். மூன்று பெயரையும் ஒரே வரியில் போட்டு ஓடவிட்டார் சேதுபதி. சோணைக்குப் பின்னால் முத்தழகு, முத்தழகுக்குப் பின்னால் பாண்டிமுருகன், பாண்டிமுருகனுக்குப் பின்னால் மறுபடி சோணை. யார் முதல், யார் கடைசி என்று கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது. சேதுபதி கையைக் கட்டிக்கொண்டு மூன்று சுற்று பார்த்தார். மைத்துனர்கள் மூன்று பேரும் இவ்வளவு ஒற்றுமையாகப் போனதை அவர் கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் பார்த்ததில்லை.

மலையம்மாள் ஊருக்கெல்லாம் சொன்னாள். மறுநாள் மூன்று போன் வந்தது.

"பாத்தேன் மச்சான். என்னை விரட்டுறீக" என்றார் முத்தழகு.

"பாத்தேன் மச்சான். எம் பேரைப் படிக்கிறதுக்குள்ள ஆளு போயிர்றேன்" என்றான் பாண்டிமுருகன்.

"பய பாத்துட்டான்" என்றார் சோணை. "நாங்க என்ன மஞ்சுவிரட்டுக் காளையா, அவுத்து ஓடவிட்டு வேடிக்கை பாக்குறதுக்கு? சிங்கம்புணரியில எனக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. வர்ற வெள்ளிக்கிழமை பொழுது சாயிறதுக்குள்ள அது அங்க இருக்கக் கூடாது. இருந்துச்சுன்னா மாமன்னு நாங்க மூணு பேரும் மண்டபத்துப் பக்கம் வரமாட்டோம். மூணு பேரும் பேசிட்டோம்."

மலையம்மாள் அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்கு ரசத்தில் உப்பு இல்லை. சேதுபதி அதைக் கேட்கவும் இல்லை. மாலை போட்டுக் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டி வர ஒரு மாமன் கூட இல்லாமல், மண்டப வாசலில் மகள் தனியாக நிற்பதை நினைத்துப் பார்த்தார். அவருக்கு அழுகை வந்துவிட்டது. மருமகனிடம் ஒரு நிமிடம் பெரிய மனிதனாகத் தெரிய ஆசைப்பட்டு, பெற்ற பிள்ளைக்கு இப்படிச் செய்துவிட்டோமே என்று வேதனைப்பட்டார்.

அகல்யா அப்பாவின் நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். திரையில் இருப்பதை அவர் அப்படியே எழுதி வைத்திருந்த கடைசிப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள்.

"அப்பா, இதுல மூணு மாமா பேரும் ஓடுது. ரோஜாப்பூ இருக்கு. மஞ்ச இருக்கு."

"ஆமாம்மா."

"எம் பேரு எங்கப்பா? அவுக பேரும் காணமே?"

சேதுபதி நோட்டை வாங்கிப் பார்த்தார். மார்க்கீக்கு இடம் வேண்டும் என்று மேலே எதையோ அழித்தது நினைவுக்கு வந்தது. எதை அழித்தோம் என்று அப்போது பார்க்கவில்லை. அகல்யா கோபப்படவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவரை இன்னும் வருத்தியது.

"எடுத்துர்றேன்ம்மா. அந்தச் சனியனை அடியோட எடுத்துர்றேன். அச்சடிச்ச பத்திரிகையே போதும்."

எடுப்பதற்கு மனம் வரத்தான் நாலைந்து நாள் ஆனது. என்ன இருந்தாலும் அவர் கையால் செய்தது. வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. முத்தழகுதான்.

"மச்சான், இந்த நிமிஷம் பாத்துட்டுத்தான் பேசுறேன். இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு. பெரியண்ணன்கிட்டச் சொல்லவா?"

"சொல்லாதே முத்தழகு! அரை மணி நேரம் குடு!"

ஈர முகத்தோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார். மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினார். ரீனா நாற்காலிகளை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள்.

"அழிச்சுரும்மா. எம் பக்கத்தை உடனே அழிச்சுரு."

"ஏன் சார்? நல்லாத்தானே வந்துச்சு? வகுப்புலயே நீங்கதான் ஒழுங்கா வீட்டுப்பாடம் செஞ்சீக."

"அதெல்லாம் அப்புறம். அழி."

ரீனா கம்ப்யூட்டரைப் போட்டாள். அது மெதுவாகக் கண்விழிக்கும் வரைக்கும் சேதுபதி நின்றுகொண்டே இருந்தார். அவள் அந்தக் கோப்பைத் தொட்டு ஒரு பொத்தானை அமுக்கினாள். நிஜமாகவே அழிக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. சேதுபதி கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார்.

"போயிருச்சு சார்."

"மலேசியாவுல போயிருச்சா?"

"என்னது சார்?"

"மலேசியாவுலம்மா. எம் மச்சினன் உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கான். சென்னையில ஒருத்தன் பாக்குறான். மதுரையில ஒரு பையன் பாக்குறான். பெங்களூர்ல மாப்பிள்ளை மொத நாளே பாத்துட்டு அழகா இருக்குன்னு சொன்னாரு. எல்லா ஊர்லயும் ஒரே நேரத்துல போயிருக்குமா, இல்ல மலேசியாவுக்குக் கொஞ்சம் நேரமாகுமா?"

ரீனா கையிலிருந்த சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"சார், இன்டர்நெட் போடுறதுக்கு நம்ம சென்டருக்கு இன்னும் போன் லைனே வரலையே, உங்க பக்கத்த இந்த உலகத்துல இதுவரைக்கும் பாத்தது நீங்க, நான், மஞ்ச தடவுன அக்கா, மொத்தம் மூணே பேருதான்."